குசினிக்குள் வந்த தணிக்கை: இராணுவ ஆட்சியில் பிரேசில்

1973ஆம் ஆண்டில் பிரேசிலின் சாவோ பாவுலோ நகரத்தில் 'ஜோர்னல் டா டார்டே' என்ற பத்திரிகைக்கு ரெலிபோன் செய்து முறைப்பாடு சொன்ன வாசகர்கள் இருந்தார்கள். பத்திரிகையில் வந்த சமையற் குறிப்பின்படி செய்த கேக் பொங்கவில்லை, பலகாரம் பிடிபடவில்லை, அளவெல்லாம் பிழை என்பதே முறைப்பாடு. அரசியற் செய்தி வரவேண்டிய இடத்தில் ஏன் சமையற் குறிப்பு வந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. குறிப்பு ஏன் பிழையாக வந்தது என்றுதான் கேட்டார்கள்.

இந்தக் கதை பிரேசில் பத்திரிகை வரலாற்றில் பலதடவை சொல்லப்பட்டுவிட்டது, பெரும்பாலும் ஒரு பகிடியாக. ஆனால் குசினியில் நின்று பிழைக்கும் எம்மைப் போன்றவர்களுக்கு இதில் பகிடியைவிடப் பெரிய சங்கதி ஒன்று தெரிகிறது. ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணித்தியாலம் அடுப்படியில் நிற்கிற நாம், ஒரு குறிப்பின் அளவுகளை வாசித்த உடனேயே அது சரிவருமா இல்லையா என்று சொல்லிவிடுவோம். பத்திரிகையில் வருகிற எல்லாவற்றிலும், வாசகர் தமது வீட்டிலேயே அன்றைக்கே பரீட்சித்துப் பார்க்கக்கூடியது சமையற் குறிப்பு ஒன்றுதான். அமைச்சர் சொன்னது மெய்யா பொய்யா என்று ஒரு வீட்டுக்காரியால் சோதித்துப் பார்க்க முடியாது. மூன்று முட்டைக்கு எவ்வளவு மா, எவ்வளவு சீனி என்பதை அவளால் சோதிக்க முடியும். பிழையென்றால் அடுப்பே சொல்லிவிடும்.

செய்தியை வெட்டிய இடத்தில் சமையற் குறிப்பைப் போட்டவர்கள் வாசகருக்குச் சொல்ல நினைத்தது ஒன்றே ஒன்று: இங்கே வேறொன்று இருந்தது, அதை உங்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இராணுவம் செய்தியை மட்டும் மறைக்கவில்லை. செய்தி மறைக்கப்பட்டது என்ற செய்தியையும் மறைக்கவே அது விரும்பியது. இந்த இரண்டாவது மறைப்பை எதிர்த்து நடந்த சண்டையைப் பற்றியும், அந்தச் சண்டை எட்டாத இடங்களைப் பற்றியுமே இங்கு எழுத முனைகிறோம்.

கதையை 1964இலிருந்து தொடங்கவேண்டும். அந்த ஆண்டு மார்ச் 31ஆம் திகதி தொடங்கிய இராணுவச் சதி, ஜனாதிபதி ஜொவாவோ கூலார்ட்டைப் பதவியிலிருந்து விரட்டியது. அதன் பின் 1985 வரை 21 வருடங்கள் ஜெனரல்களின் ஆட்சி. 'ஓ எஸ்தாடோ டி சாவோ பாவுலோ' என்ற பழம்பெரும் பத்திரிகை இந்தச் சதியை ஆதரித்தது. மெஸ்கித்தா குடும்பத்தின் சொத்தான அது, 1875 ஜனவரி 4ஆம் திகதி வேறொரு பெயரில் தொடங்கப்பட்டது. 1966இல் அதே குடும்பம் தொடங்கிய மாலைப் பத்திரிகைதான் மேலே சொன்ன ஜோர்னல் டா டார்டே. கூலார்ட்டின் காணிச் சீர்திருத்தப் பேச்சையும் தொழிற்சங்கங்களின் எழுச்சியையும் கண்டு பயந்த முதலாளிமார், இராணுவம் வந்து வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போய்விடும் என்று நம்பினார்கள். வந்த இராணுவம் போகவில்லை. இந்தப் பின்னணியைச் சொல்லாமல் பத்திரிகையின் வீரத்தை மட்டும் பாடுவது நேர்மையாகாது.

1968 டிசெம்பர் 13ஆம் திகதி எஸ்தாடோ பத்திரிகையின் பிரதிகள் பறிமுதல் செய்யப்பட்டன. நாட்டின் நிறுவனங்கள் கந்தலாகிவிட்டன என்ற பொருளில் அன்று அது எழுதிய ஆசிரியர் தலையங்கமே காரணம். அதே நாள் 'நிறுவனச் சட்டம் இலக்கம் 5' பிரகடனப்படுத்தப்பட்டது. பாராளுமன்றம் மூடப்பட்டது. அரசியற் குற்றம் சுமத்தப்பட்டவர்களுக்கு ஆட்கொணர்வு மனு இல்லை என்றாயிற்று. பத்திரிகைக் காரியாலயங்களுக்குள் அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள்.

மறுநாள் றியோ டி ஜனெய்ரோவின் 'ஜோர்னல் டோ பிரசில்' முதற் பக்கத்தில் காலநிலை அறிவித்தல் ஒன்றைப் போட்டது. வானம் கறுத்திருக்கிறது, மூச்சு முட்டும் வெக்கை, காற்றைச் சுவாசிக்க முடியவில்லை, நாடெங்கும் பலத்த காற்று வீசுகிறது என்ற தோரணையில் அது போனது. அதிகூடிய வெப்பம் பிரசீலியாவில் 38 பாகை, அதிகுறைந்தது லறன்ஜெய்றாஸில் 5 பாகை என்றும் எழுதியிருந்தார்கள். டிசெம்பர் மாதம் அங்கு கோடைகாலம். றியோ நகரத்துக்குள்ளேயே இருக்கும் லறன்ஜெய்றாஸில் 5 பாகை குளிர் வருமா? லறன்ஜெய்றாஸ் மாளிகையில் வைத்துத்தான் 5ஆம் இலக்கச் சட்டத்தில் கையெழுத்திட்டார்கள். பாராளுமன்றத்தை மூடிய உபசட்டத்தின் இலக்கம் 38. அதே பக்கத்தின் இன்னொரு மூலையில், நேற்றைய தினம் பார்வையற்றோர் தினம் என்று ஒரு வரி. டிசெம்பர் 13 உண்மையிலேயே அங்கு பார்வையற்றோர் தினந்தான். தணிக்கை அதிகாரிக்கு அதில் வெட்ட ஒன்றுமில்லை. அப்போது அங்கு ஆசிரியராயிருந்தவர் அல்பெர்ட்டோ டீனஸ்.

தணிக்கை என்றவுடன் கறுப்பு மையும் கத்தரிக்கோலும் எமது மனதில் வரும். பிரேசிலில் பெரும்பாலும் நடந்தது அதைவிடச் சாதாரணமானது. மத்திய பொலிஸிலிருந்து ரெலிபோன் வரும், அல்லது ஒரு துண்டுக் கடதாசி வரும். மேலிடத்து உத்தரவுப்படி இன்ன விடயம் பற்றி எதுவும் வெளியிடக்கூடாது. அவ்வளவுதான். எந்த மேலிடம், என்ன காரணம், எத்தனை நாளைக்கு என்று எதுவும் இராது. இதில் ஒரு விசித்திரம்: தடை உத்தரவு வந்த பிறகுதான் அப்படியொரு சம்பவம் நடந்ததே பத்திரிகையாளர் பலருக்குத் தெரியவந்தது. இன்ன ஊரில் இன்ன கைதுகளைப் பற்றி எழுதாதே என்று சொல்பவன், கைது நடந்ததையும் சொல்லிவிட்டல்லவா போகிறான்! பெரும்பாலான பத்திரிகைகள் அந்தத் துண்டுக்குக் கீழ்ப்படிந்தன. பின்னர் துண்டே தேவைப்படவில்லை. எது வரக்கூடாது என்பதை எழுதுபவனின் கையே பழகிக்கொண்டது.

கீழ்ப்படியாத இடங்களுக்குத்தான் அதிகாரியை அனுப்பினார்கள். 1969 யூனில் றியோவில் தொடங்கப்பட்ட 'ஓ பஸ்கிம்' என்ற நையாண்டி வாரப்பத்திரிகை அப்படியொன்று. சாதாரண சனங்கள் கதைக்கிற மொழியில் அது எழுதியது. 1969 நவம்பரில் நடிகை லெய்லா டினிஸின் பேட்டியை வெளியிட்டபோது அவர் சொன்ன தூஷண வார்த்தைகளுக்கெல்லாம் நட்சத்திரக் குறிகளைப் போட்டார்கள். பக்கம் முழுக்க நட்சத்திரம்! 1970 ஜனவரியில் ஒழுக்கத்தின் பெயரால் முன்தணிக்கையைக் கொண்டுவந்த ஆணையைச் சனங்கள் லெய்லா டினிஸ் ஆணை என்றே அழைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அந்தப் பத்திரிகை வேறொரு குறும்பு செய்தது. பிரேசிலின் சுதந்திரப் பிரகடனத்தைக் காட்டும் புகழ்பெற்ற ஓவியத்தில், குதிரைமேலிருந்து வாளுயர்த்தும் இளவரசர் பேத்ரோவின் வாயிலிருந்து மாட்டுக்கால் கேட்கும் ஒரு வசனத்தை வரவைத்தார்கள். மோக்கொத்தோ எனப்படும் அந்தச் சாப்பாடு அப்போது ஒரு பாட்டினால் எல்லோர் வாயிலும் இருந்தது. காரியாலயத்தில் இருந்தவர்களில் பெரும்பாலானோரை இராணுவம் பிடித்துக்கொண்டு போயிற்று. கைது என்று எழுத முடியாது. ஆகவே காரியாலயத்தில் எல்லோருக்கும் தடிமன் காய்ச்சல் என்று வாசகருக்கு அறிவித்து, வெளியில் மிஞ்சியிருந்த சிலரைக் கொண்டு பத்திரிகையைத் தொடர்ந்து கொண்டுவந்தார்கள். இந்தக் காய்ச்சலை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்திருக்கவேண்டும். பின்னால் இன்னொரு காய்ச்சல் வரும்.

1972இல் எஸ்தாடோவின் முறை வந்தது. சதியை வரவேற்ற அதே வீட்டுக்குள் தணிக்கை அதிகாரிகள் வந்து, அச்சுக்குப் போகிற பக்கங்களை வரிவரியாகப் பார்க்கத் தொடங்கினார்கள். வெட்டிய இடத்தை வெறுமையாக விடக்கூடாது என்பது நிபந்தனை. வெறுமை சனங்களுக்கு விளங்கிவிடும். வேறு செய்தியைப் போட்டு நிரப்பு என்றார்கள். நிரப்பினால் அன்றைய பத்திரிகை முழுமையாகத் தோன்றும், வாசகனும் திருப்தியாகக் கோப்பியைக் குடித்துக்கொண்டு வாசிப்பான். மெஸ்கித்தா குடும்பம் இதற்கு உடன்படவில்லை. வேறு செய்தி போடமாட்டோம், ஆனால் சம்பந்தமில்லாத ஏதாவது போடுவோம் என்று முடிவெடுத்தார்கள். 1973 மே மாதத்தில் விவசாய அமைச்சர் பதவி விலகிய செய்தி வெட்டப்பட்டபோது, அந்த இடத்தில் ரோஜாப் பூக்களைப் பற்றிய கடிதம் வந்தது. பிறகு கவிதைகள் வந்தன. ஓகஸ்டிலிருந்து போர்த்துக்கேய மகாகவி கமோயிஸின் 'லூசியாதாஸ்' காவியம் வரத்தொடங்கியது. 1975 ஜனவரி வரை 655 தடவைகள் அதன் பகுதிகள் அரசியற் செய்திகளின் இடத்தில் அச்சிடப்பட்டன.

ஏன் கமோயிஸ்? பத்துக் காண்டம், ஆயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்; வெட்டிய செய்தி எவ்வளவு நீளமானாலும் அதற்கு அளவாகப் பாட்டு இருந்தது என்பது அச்சுக்கோப்பவரின் காரணமாக இருந்திருக்கலாம். பாடசாலைப் புத்தகத்தில் உள்ள தேசியப் பெருமை, அதை எந்த அதிகாரி வெட்டுவான் என்பது ஆசிரியரின் காரணமாக இருந்திருக்கலாம். எமக்கு இதில் தனிப்பட்ட ஒரு சுவாரசியமும் உண்டு. லூசியாதாஸ், வாஸ்கோ டகாமா கள்ளிக்கோட்டைக்கு வந்த கதை. அதன் முதற் செய்யுளிலேயே தப்ரபானே என்று எமது தீவின் பழைய பெயர் வருகிறது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தை விழுங்கிய அதே வல்லரசின் காவியந்தான் இது. அந்தக் கப்பல்கள் எமக்கு விட்டுச்சென்றவற்றில் பாண் உண்டு, மேசை உண்டு, அலுமாரி உண்டு, நாம் வேலை செய்கிற குசினியும் உண்டு. சாவோ பாவுலோப் பெண்கள் அந்தக் குறிப்புகளைச் செய்து பார்த்ததும் ஒரு குசினியில்தான். சொல்லும் கிட்டத்தட்ட அதுவேதான். இன்னொன்று: 1572இல் லூசியாதாஸ் முதன்முதலாக அச்சேறியபோது அதைப் படித்துப்பார்த்து அனுமதி கொடுத்தவர் கத்தோலிக்க விசாரணைச் சபையின் தணிக்கைக் குருவானவர். 400 வருடங்களின் பின் அதே பாட்டு, தணிக்கை நடந்ததற்குச் சாட்சி சொல்ல வந்தது.

ஜோர்னல் டா டார்டே சமையற் குறிப்பைத் தேர்ந்தெடுத்தது. சில குறிப்புகள் வேண்டுமென்றே தாறுமாறானவை. சிலவற்றின் பெயரிலேயே விஷமம் இருந்தது. அக்காலத்தில் சாவோ பாவுலோ மாநில ஆளுநர் லவுடோ நட்டேல். பத்திரிகையில் வந்த ஒரு பலகாரத்தின் பெயர் 'லவுட்டோ பஸ்தேல்'. பஸ்தேல் என்பது எமது ரோல்ஸ், பற்றிஸ் போல எண்ணெயில் பொரிக்கிற சாமான். பெயரை வாய்விட்டு வாசித்தவர்கள் சிரித்திருப்பார்கள். மற்றவர்கள் எண்ணெயைக் கொதிக்கவைத்திருப்பார்கள்.

தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் புதிய வித்தையல்ல. சாவோ பாவுலோவில் இது முடிந்து ஆறு மாதங்கூட ஆகாத நிலையில், 1975 யூனில் இந்தியாவில் இந்திரா காந்தியின் அவசரகால நிலை வந்தது. அது இராணுவ ஆட்சியல்ல. ஆனாலும் தணிக்கை அதிகாரியின் புத்தி எங்கும் ஒன்றுதான். 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' ஆசிரியர் தலையங்கத்தின் இடத்தை வெறுமையாக விட்டது. வெறுமையாக விடக்கூடாது என்று அங்கும் உத்தரவு வந்தது. 1976 ஜனவரி 31இல் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டு, கட்சிக்காரர்கள் நூற்றுக்கணக்கில் மிசாச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டபோது, யார் யார் பிடிபட்டார்கள் என்று 'முரசொலி' எழுத முடியாது. பெப்ரவரி 3, அண்ணாவின் நினைவு நாள். அன்று அண்ணா சமாதிக்கு மலர் வைக்க வர இயலாதவர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியலை முரசொலி வெளியிட்டது. வாசித்தவர்களுக்கு விளங்கியது. சாவோ பாவுலோவின் கவிதையையும் பலகாரத்தையும்விட இது உயர்ந்த வித்தை என்பது எமது அபிப்பிராயம். அங்கே ஏதோ மறைக்கப்பட்டது என்பது மட்டுமே தெரிந்தது. இங்கே மறைக்கப்பட்டதே தெரிந்தது. ஒரு தாய் தன் மகனின் பெயரை அதில் தேடலாம்.

சரி, சாவோ பாவுலோவில் மிச்சச் சனங்கள் எப்படி வாழ்ந்தார்கள்? இதுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு விளங்காத விடயம். நன்றாகவே வாழ்ந்தார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். 1970இல் பிரேசில் மூன்றாவது தடவையாக உலகக் கிண்ணத்தை வென்றது. ஜெனரல் மெடிசி கிண்ணத்தோடு படம் எடுத்துக்கொண்டார். நாட்டை நேசி, இல்லையேல் வெளியேறு என்ற சுலோகம் கார்க் கண்ணாடிகளில் ஒட்டப்பட்டிருந்தது. 1969 செப்ரெம்பர் 1ஆம் திகதியிலிருந்து குளோபோ ரெலிவிசனின் இரவுச் செய்தி நாடு முழுவதற்கும் ஒரே நேரத்தில் போனது. 1973இல் மெடிசி அதைப் பற்றி மனம் திறந்தே சொன்னார்: உலகமெல்லாம் வேலைநிறுத்தமும் கலவரமுமாக இருக்க, பிரேசில் மட்டும் அமைதியாக முன்னேறுவதை ஒவ்வொரு இரவும் செய்தியில் பார்க்கச் சந்தோசமாக இருக்கிறதாம், வேலை முடிந்து வந்து மனத்தை ஆறவைக்கும் மாத்திரை போட்டதுபோல இருக்கிறதாம். தான் தயாரித்த மாத்திரையைத் தானே விழுங்கிவிட்டுச் சுகம் என்று சொன்ன ஒரேயொரு வைத்தியர் இவராகத்தான் இருக்கவேண்டும்.

பாட்டும் நாடகமும் தணிக்கைக்குத் தப்பவில்லை. பாடகர் சிகோ புவார்கேயின் பெயரைக் கண்டாலே அதிகாரிகள் வெட்டத் தொடங்கியதால், 1974இல் அவர் ஜூலீன்யோ டா அடலைட் என்று இல்லாத ஒரு ஆளை உருவாக்கி அவன் பெயரில் பாட்டுகளை அனுப்பினார். அனுமதி கிடைத்தது! உண்மை வெளிப்பட்ட பிறகு, பாட்டு அனுப்புபவர்கள் அடையாள அட்டை இலக்கமும் எழுதவேண்டும் என்று விதி வந்தது. 1975 ஓகஸ்ட் 27ஆம் திகதி தொடங்கவிருந்த 'றொக்கே சன்ரெய்றோ' என்ற ரெலிவிசன் தொடர் அன்றைய தினமே தடைசெய்யப்பட்டது. சாகாத ஒருவனைத் தியாகியாக்கி அவன் பெயரில் ஒரு ஊரே வியாபாரம் செய்கிற கதை அது. ஜெனரல்கள் போன பிறகு 1985இல்தான் சனங்கள் அதைப் பார்த்தார்கள்.

1968 முதல் 1973 வரை பிரேசிலின் பொருளாதாரம் ஆண்டுக்கு 10 வீதத்துக்கு மேல் வளர்ந்தது. அதிசயம் என்று அழைத்தார்கள். 1967 முதல் 1974 வரை நிதி அமைச்சராக இருந்த டெல்ஃபின் நெட்டோவின் பெயரோடு ஒரு வாசகம் ஒட்டிக்கொண்டது: முதலில் கேக் பொங்கட்டும், பிறகு பங்கிடலாம் என்பது அதன் சாரம். தொழிலாளியின் அடிப்படைச் சம்பளத்தின் பெறுமதி தேய்ந்துகொண்டே போனது. வேலைநிறுத்தம் செய்யச் சட்டத்தில் இடமில்லை என்றே சொல்லலாம். வடகிழக்கின் வரண்ட நிலங்களிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்த குடும்பங்கள் சாவோ பாவுலோவின் ஓரங்களில் ஒரு அறைக்குள் ஆறு பேர், எட்டுப் பேர் என்று நெருக்கியடித்துக் குடியேறின. ஜோர்னல் டா டார்டேயின் கேக் பொங்காததற்கு முறைப்பாடு சொன்னவர்களுக்கு ரெலிபோன் இருந்தது. இவர்களுக்கு ரெலிபோனும் இல்லை, கேக்கும் இல்லை. இவர்களில் பலருக்கு எழுத்து வாசனையும் இல்லை.

1971இல் இப்படிப்பட்ட ஓரங்களில் ஒன்றான சாந்தோ அமாரோப் பகுதியில் மூளையுறை அழற்சி, மெனிஞ்சைட்டிஸ் எனப்படும் நோய் பரவத் தொடங்கியது. நெருக்கமான அறைகளிலும் சனம் நிறைந்த பஸ்களிலும் இருமலோடும் தும்மலோடும் பரவுகிற நோய். கடும் காய்ச்சல், தலையிடி, கழுத்து விறைப்பு, சிலருக்கு உடம்பில் ஊதாப் புள்ளிகள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் மருந்தால் காப்பாற்றக்கூடிய பிள்ளை, ஒரு நாள் பிந்தினால் போய்விடும், தப்பினாலும் செவிடாகலாம். ஆகவே இந்த நோயில், அறிகுறி இன்னது என்று தாய்க்குத் தெரிந்திருப்பதே பாதி மருந்து. அரசு அதைத்தான் தடைசெய்தது. அதிசயம் நடக்கிற நாட்டில் கொள்ளைநோய் இருக்க முடியாது. தொகைகளைச் சொல்லக்கூடாது, வைத்தியர்கள் பேட்டி கொடுக்கக்கூடாது, சனங்களைப் பீதியடையச் செய்யும் எதையும் எழுதக்கூடாது. 1974இல் இன்னொரு வகைக் கிருமியும் சேர்ந்துகொள்ள, சாவோ பாவுலோவின் எமிலியோ ஹீபாஸ் தொற்றுநோய் ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்தது. அப்போதும் செய்திகள் வெட்டப்பட்டன. அப்படி வெட்டப்பட்ட இடத்தில் கமோயிஸின் பாட்டு வந்த நாளும் உண்டு.

1970இல் பஸ்கிம் இல்லாத காய்ச்சலொன்றை அச்சிட்டது; அதற்குத் தடையிருக்கவில்லை. 1974இல் இருந்த காய்ச்சலை அச்சிட முடியவில்லை.

நோய் ஏழைகளின் பகுதிகளை விட்டு வசதியானவர்களின் வீதிகளுக்கு வந்தபின்னர், மறைக்கக்கூடிய கட்டம் தாண்டியது. 1974 மார்ச்சில் பதவிக்கு வந்த ஜெனரல் கைசெலின் அரசு, அந்த ஆண்டின் பிற்பகுதியில் கொள்ளைநோய் இருப்பதை ஒப்புக்கொண்டு தடுப்பூசிக்கு ஓடியது. ஊசிமருந்து இங்கிருந்துதான், பிரான்சின் லியோன் நகரத்து மெரியே நிறுவனத்திலிருந்து போனது. அவ்வளவு பெருந்தொகையைத் தயாரிப்பதற்கென்றே அங்கு அவசர அவசரமாகப் புதிய தொழிற்சாலை கட்டப்பட்டது. 1975இல் கோடிக்கணக்கான பிரேசில் மக்களுக்கு, ஊசியில்லாமல் அமுக்கத்தால் மருந்தைச் செலுத்தும் துப்பாக்கி போன்ற கருவியால் தடுப்பூசி போடப்பட்டது.

எம்மோடு ஒரே குசினியில் வேலை செய்கிற சாவோ பாவுலோக்காரர் ஒருவருக்கு அப்போது எட்டு வயது. நீண்ட வரிசையும் அந்தத் துப்பாக்கியின் சத்தமும் அவருக்கு நல்ல ஞாபகம். அதற்கு முந்திய வருடங்களில் அவர்களுடைய தெருவில் பிள்ளைகள் செத்தது தாய்க்குத் தெரியும். அதற்குத் தாயிடம் இருந்த பெயர் காய்ச்சல் என்பதுதான். அடுத்த தெருவிலும் அதே காய்ச்சல், அதற்கடுத்த பகுதியிலும் அதே காய்ச்சல் என்பது தாய்க்குத் தெரியாது. கமோயிஸ் பற்றிக் கேட்டோம். தகப்பன் பத்திரிகை வாங்குவது பழைய கடதாசிக்கு, சாமான் சுற்ற என்றார்.

எஸ்தாடோ செய்தது சிறிய காரியமல்ல. நாட்டின் பல பத்திரிகைகள் துண்டுக்குப் பணிந்து, வெட்டிய இடத்தை வேறு செய்தியால் நிரப்பி, ஒன்றும் நடக்காததுபோலக் காட்டிக்கொண்ட காலத்தில் அது காயத்தைக் காயமாகவே வைத்திருந்தது. ஆனால் அந்தக் காயம், காவியத்தைக் கண்டால் இது இங்கு இருக்கவேண்டியதல்ல என்று புரிந்துகொள்ளும் படிப்புள்ளவர்களுக்குத்தான் தெரிந்தது. சாந்தோ அமாரோத் தாய்க்கு மறைக்கப்பட்டது என்ற அறிவித்தல் தேவைப்படவில்லை. கழுத்து விறைத்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடு என்ற ஒரு வரிதான் தேவைப்பட்டது. அந்த வரியைச் சொல்லக்கூடிய வானொலி வாயைக் கட்டிக்கொண்டிருந்தது.

இதை எழுதும்போது ஊர் ஞாபகம் வராமலிருக்காது. 1990களில் மின்சாரமும் இல்லாமல், பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த யாழ்ப்பாணத்தில், எமது தாய் தகப்பன்மார் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுழற்றி டைனமோவில் வரும் மின்சாரத்தில் பீ.பீ.சி. தமிழோசையையும் வெரித்தாஸையும் கேட்டார்கள். சுழற்றுகிற கை களைத்தால் செய்தி நின்றுவிடும். கொழும்பு என்ன நடக்கிறதென்று சொல்லாது. எமக்காகப் போராடுகிறோம் என்றவர்களும் எது எழுதப்படலாம், எதை யார் வாசிக்கலாம் என்று தாங்களே தீர்மானித்தார்கள். 2009இல் வன்னியில் சுயாதீனப் பத்திரிகையாளர் எவரையும் உள்ளே விடாமலே எல்லாம் நடந்து முடிந்தது. எத்தனை பேர் என்ற கேள்விக்கு இன்றும் ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள். அங்கே கமோயிஸுக்கும் இடமிருக்கவில்லை.

1975 ஜனவரி 4, எஸ்தாடோவின் நூறாவது பிறந்தநாள். அதற்கு முதல்நாளோடு தணிக்கை அதிகாரிகள் எழுந்து போனார்கள். மெதுவாக, படிப்படியாக, பாதுகாப்பாகத் தளர்த்துவோம் என்பது கைசெலின் கொள்கை. எல்லோருக்கும் தளரவில்லை. 'மொவிமென்ரோ' போன்ற சிறிய இடதுசாரி வாரப்பத்திரிகைகள் 1978 வரை முன்தணிக்கைக்குள் கிடந்தன. பெரிய வீட்டுக்குப் பிறந்தநாள் பரிசு, சின்ன வீட்டுக்குப் பூட்டு.

அந்த ஆண்டு ஒக்ரோபரில்தான் விளாடிமிர் ஹெர்சொக் கொல்லப்பட்டார். 1937இல் யூகோஸ்லாவியாவின் ஒசியெக் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்து, நாசிகளுக்குத் தப்பி இத்தாலிக்கு ஓடி, அங்கிருந்து 1946இல் பிரேசிலுக்கு வந்த அகதிப் பிள்ளை அவர். குல்தூரா ரெலிவிசனில் செய்திப் பிரிவின் பொறுப்பாளர். 24ஆம் திகதி இரவு நிலையத்துக்கே தேடிவந்தவர்களிடம் காலையில் வருகிறேன் என்று சொல்லி, 25ஆம் திகதி காலையில் தானாகவே இராணுவ விசாரணைக் கூடத்துக்குப் போனார். பின்னேரம் பிணம். தற்கொலை என்று அறிவித்தார்கள், படமும் வெளியிட்டார்கள். சன்னல் கம்பியில் இடுப்புப் பட்டியால் தொங்குகிறார். முழங்கால்கள் மடிந்து கால்கள் நிலத்தில் கிடக்கின்றன. அங்கு கைதிகளுக்குக் கொடுக்கிற உடுப்புக்கு இடுப்புப் பட்டியே கிடையாது. எத்தனையோ உண்மையான படங்களைத் தடைசெய்தவர்கள் தாங்களே ஒரு படத்தைப் பிரசுரித்தபோது, அளவுகள் பிழைத்துவிட்டன.

யூத வழக்கப்படி, தற்கொலை செய்தவர்களை மயானத்தில் ஒதுக்குப்புறமாகத்தான் புதைப்பார்கள். உடலைக் கழுவியவர்கள் கண்டதைச் சொன்னார்கள். இளம் றபாய் ஹென்றி சொபெல் அவரை மற்றவர்களோடு சேர்த்துப் புதைக்கச் செய்தார். 31ஆம் திகதி கருதினால் ஆர்ன்ஸ், றபாய் சொபெல், போதகர் ஜெய்மி ரைட் ஆகிய மூவரும் சேர்ந்து சே பேராலயத்தில் நினைவு வழிபாடு நடத்தினார்கள். சனங்கள் வராமல் தடுப்பதற்கு நகரமெங்கும் பொலிஸ் வீதித் தடைகளைப் போட்டது. அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர், அச்சுக்கலையைத் தந்த குட்டன்பேர்க்கின் பெயர். இதை யோசித்துப் பிடித்தவன் படித்தவனாகத்தான் இருக்கவேண்டும். தடைகளில் காரை, பஸ்ஸை விட்டிறங்கி நடந்து வந்தவர்களால் பேராலயம் நிறைந்து முற்றமும் நிறைந்தது.

இராணுவ விசாரணை அது தற்கொலைதான் என்று முடிவு சொன்னதை மறுத்து, 1976இன் தொடக்கத்தில் 1004 பத்திரிகையாளர்கள் கையெழுத்திட்ட அறிக்கையொன்று எஸ்தாடோவில் வெளிவந்தது. 'உண்மையின் பேரால்' என்பது தலைப்பு. அது செய்தியாக வரவில்லை. காசு கட்டிய விளம்பரமாக வந்தது. முன்பு கவிதைக்கும் பூவுக்கும் சமையலுக்கும் கிடைத்த இடத்தில், ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் தங்கள் சொந்தப் பெயர்களை அச்சிட்டார்கள். 1978 ஒக்ரோபரில் ஒரு நீதிபதி ஹெர்சொக்கின் மரணத்துக்கு அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தார். ஆனால் மரணச் சான்றிதழ் மாறவில்லை. 2013இல்தான், அவர் இறந்து 37 வருடங்களுக்கு மேல் கழித்து, இராணுவக் கூடத்தில் அனுபவித்த துன்புறுத்தலாலும் காயங்களாலும் மரணம் நேர்ந்தது என்று திருத்திய புதிய சான்றிதழ் அவருடைய மனைவியின் கையில் கொடுக்கப்பட்டது.